குச்சி நட்டுப் பார்க்கும் ஊர்

2024 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்குள் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிவிட்டது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்து, பிறகு உள்மாவட்டங்களுக்குப் போய் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியிருந்த நேரம். திருக்கோவிலூர், அரகண்டநல்லூர் தொடங்கிக் கடலூர் முகத்துவாரத்து உச்சிமேடு, நாணமேடு, கண்டக்காடு வரை கரையோர ஊர்களில் தண்ணீர் புகுந்தது. மலட்டாறு பெருகி, அரசூர் பக்கம் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையின் மேலேயே ஓடியது.

தண்ணீர் வடிவதற்குள் வாக்குவாதம் கிளம்பிவிட்டது. ஐந்து முறை எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. எங்களுக்கு யாருமே சொல்லவில்லை என்றார்கள் கரையோர மக்கள். இதில் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்றே தொலைக்காட்சி விவாதங்கள் போயின. கிராம நிர்வாக அலுவலராகக் கரையோர ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது முதல்நிலைப் பொறுப்பாளர்களாகச் சேரும் இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் அனுபவத்தில் இரண்டு பேச்சும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். எச்சரிக்கை புறப்பட்டுவிடும், ஊர் கிளம்பியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில மணி நேரத்தில்தான் உயிர் போவதும் பிழைப்பதும் தீர்மானமாகிறது. அந்த நேரத்தில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அருகில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் செய்தி எப்படி வருகிறது என்று பார்ப்போம். அணையில் திறப்பின் அளவை முடிவு செய்ததும் நீர்வளத்துறையிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் போகும். அங்கிருந்து தாசில்தார், பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு வி.ஏ.ஓ., கடைசியாகக் கிராம உதவியாளர். முன்பு போன், இப்போது வாட்ஸ்அப் குழு. வந்து சேரும் வாசகம் மட்டும் பல வருடமாக ஒன்றேதான்: "தென்பெண்ணை ஆற்றின் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். ஆற்றில் இறங்கவோ, குளிக்கவோ, செல்ஃபி எடுக்கவோ கூடாது."

ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் இதைப் படித்துக்கொண்டே போனால் திண்ணையில் இருப்பவர் கேட்பார். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார். தன் வீட்டைத் தாழ்வான பகுதி என்று யாரும் நினைப்பதில்லை. தாழ்வான பகுதி எப்போதும் அடுத்த தெருதான். பாதுகாப்பான இடம் எது என்றும் அந்த வாசகத்தில் இல்லை. எத்தனை மணிக்குள் போக வேண்டும் என்றும் இல்லை. அந்த ஆட்டோ போனதை 'எச்சரிக்கை விடுத்தாயிற்று' என்று பதிவேட்டில் எழுதிவிடலாம். திண்ணையில் இருந்தவரிடம் பிறகு கேட்டால் 'யாரும் சொல்லவில்லை' என்பார். அவருக்கு வேண்டியதை யாரும் சொல்லவில்லை என்பது உண்மைதானே?

அதனால் அவர் சும்மா இருந்துவிடுவதும் இல்லை. இதைத்தான் வெளியிலிருந்து வருகிற அதிகாரிகள் கவனிப்பதில்லை. 'சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க சார்' என்று அலுத்துக்கொள்வார்கள். நான் பார்த்தவரை மக்கள் எச்சரிக்கையை அலட்சியம் செய்வதில்லை, அதைச் சரிபார்க்கிறார்கள். சரிபார்க்க அவர்களுக்கென்று முறைகள் இருக்கின்றன.

ஒன்று, குச்சி. அறிவிப்பு வந்த ராத்திரி கரைக்குப் போனால், டார்ச் லைட்டோடு ஏழெட்டு ஆண்கள் நிற்பார்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு சவுக்குக் குச்சியையோ துடைப்பக் குச்சியையோ நட்டிருப்பார்கள். அரை மணிக்கு ஒருமுறை வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள். குச்சியைத் தாண்டித் தண்ணீர் வந்துவிட்டால் ஒரு சாண் தள்ளி அடுத்த குச்சி. 'ஒரு மணி நேரத்துல ரெண்டு குச்சி ஏறிடுச்சு' என்று ஒருவர் தெருவுக்குள் வந்து சொன்னால் வீட்டுக்குள் விளக்கு எரியும், பெட்டி இறங்கும். ஆட்டோ சொன்னதற்கு அசையாதவர்கள் குச்சி சொன்னதற்கு அசைவார்கள். ஏனென்றால் அது அவர்கள் ஆற்றின் கணக்கு, கண்ணால் பார்த்தது.

இரண்டாவது, போன். ஆற்றின் மேல்கரையில் திருக்கோவிலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் இருப்பாள், சம்பந்தி வீடு இருக்கும். பெண்கள் அங்கே போன் போடுவார்கள். 'அங்க எப்படி இருக்கு? பாலத்துக்குக் கீழயா, மேலயா?' அந்தப் பக்கத்துப் பதிலுக்கு ஆட்சியர் அறிக்கையைவிட மதிப்பு அதிகம். பெற்ற மகள் பொய் சொல்ல மாட்டாள்.

மூன்றாவது, பக்கத்து வீடு. எதிர்வீட்டுக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டாரா என்று எட்டிப் பார்ப்பார்கள். அவர் அவிழ்த்தால் இவரும் அவிழ்ப்பார். ஒருவர் கிளம்பினால் தெருவே கிளம்பும். யாரும் கிளம்பவில்லையென்றால் ஒருவரும் கிளம்ப மாட்டார்.

இந்தச் சரிபார்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது பெரிய அநியாயம். அது நியாயமான எச்சரிக்கை உணர்வு. வீட்டை விட்டுக் கிளம்புவது அவர்களுக்கு ஒரு நாள் கூலி, ஒரு வேளைப் பால், பூட்டாத வீட்டின் பண்டபாத்திரம். உறுதியாகத் தெரியாமல் யார் விடுவார்கள்? ஆனால் இந்த முறைகளில் ஓர் ஆபத்து இருக்கிறது. குச்சி இப்போதைய தண்ணீரைத்தான் காட்டும். அணை விட்ட தண்ணீர் வழியில் வந்துகொண்டிருக்கும். குச்சி ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் தரைப்பாலம் ஏற்கெனவே மூழ்கியிருக்கும். ஆகவே எங்கள் வேலை சரிபார்ப்பை நிறுத்துவது அல்ல, அதற்கு ஆகும் நேரத்தைக் குறைப்பது. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் என் வேலை எனக்கே பிடிபட்டது.

எண்களில் இருந்து தொடங்கினோம். 1,68,000 கன அடி என்றால் நொடிக்கு 47 லட்சம் லிட்டருக்கும் மேல். கேட்க மிரட்சியாக இருக்கும். ஆனால் அது என் வாசற்படிக்கு எத்தனை அடி என்று அந்த எண்ணில் இல்லை. மக்களின் ஞாபகம் கன அடியில் இல்லை, வருடத்தில் இருக்கிறது. 2021 நவம்பரில் தென்பெண்ணையில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது தண்ணீர் எந்தக் கோயில் படியில் நின்றது, எந்த மின்கம்பத்தில் கறை விட்டது என்று குழந்தைக்கும் தெரியும். அறிவிப்பை அதில் கட்டினோம்: 'ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுல ரேஷன் கடைப் படி வரைக்கும் வந்துச்சு. இப்ப அதைவிடக் கூடுதலா விட்டிருக்காங்க. கடைக்குக் கிழக்கே இருக்கிற வீடெல்லாம் சாயந்தரத்துக்குள்ள பள்ளிக்கூடத்துக்கு வந்துடுங்க.' இதில் அளவு இருக்கிறது, இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. இப்படிச் சொன்னால் கேள்வி குறைகிறது, கால் நகர்கிறது.

ஞாபகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1972 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'அந்த வெள்ளத்துலயே என் வூட்டுக்கு வரல, இப்ப வந்துடுமா?' என்று ஒரு தாத்தா திண்ணையை விட்டு எழுந்திருக்க மறுப்பார். அவர் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர் பார்த்த ஆறு இன்று இல்லை. மணல் போய்விட்டது, படுகையில் வீடு வந்துவிட்டது, வாய்க்கால் அடைபட்டுவிட்டது, தண்ணீர் போகும் பாதையில் சாலை மேடாகிவிட்டது. முன்பு ஒதுங்கிப் போன தண்ணீர் இப்போது நேராக வரும். பழைய வெள்ளம் 'குறைந்தது இவ்வளவு வரும்' என்பதற்குச் சாட்சி. 'இதற்கு மேல் வராது' என்பதற்குச் சாட்சி அல்ல. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அந்தத் தாத்தாவிடம் வாதம் செய்யாதே. 'அப்ப இந்த ரோடு இருந்துச்சா தாத்தா?' என்று கேள். அவரே யோசிப்பார்.

ஒரே அளவுகோலை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்தால் மக்கள் அதைக் கற்றுக்கொள்வார்கள் என்பதற்கு வைகை நல்ல உதாரணம். முழு நீர்மட்டம் 71 அடியான வைகை அணையில் தண்ணீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆண்டுதோறும் அதே படிகள் என்பதால் 'மூணாவது எச்சரிக்கை விட்டாச்சு' என்ற ஒரு சொல்லிலேயே கரையோரம் நிலைமையைப் புரிந்துகொள்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு இதற்கு மாறான உதாரணம். 1 முதல் 11 வரை எண்கள். எண் கூடக் கூட ஆபத்து ஒரே சீராகக் கூடுகிறது என்றே தொலைக்காட்சி பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 5, 6, 7 ஆகிய மூன்றும் புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்குமா, வலப்பக்கம் கடக்குமா, அதன் மேலேயே கடக்குமா என்பதைச் சொல்கின்றன. கடலோடிகளுக்கென்று வைத்த குறியீடு அது. அதைப் பொதுமக்களுக்கான செய்தியாக வாசித்தால் பயம் மட்டும்தான் போய்ச் சேரும். வானிலை மையத்தின் சிவப்பு எச்சரிக்கைக்கும் இதே கதி. 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யலாம், நடவடிக்கையில் இறங்குங்கள் என்பது அதன் பொருள். ஊரில் அதற்கு முதல் கேள்வி 'நாளைக்கு லீவு விட்டாச்சா?' என்பதுதான். மழை எவ்வளவு பெய்யும் என்று அது சொல்கிறது. தெருவில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று சொல்வதில்லை. இந்த இரண்டையும் இணைக்கும் பாலத்தை யாராவது கட்ட வேண்டும்.

சொல்கிற ஆள் யார் என்பதும் முக்கியம். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் நிதானமான தமிழில் சொன்னதைக் கேட்டு ஒரு தலைமுறை மழைக்குத் தயாரானது. 2015க்குப் பிறகு 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜானின் பதிவுகளை இளைஞர்கள் பின்தொடர்கிறார்கள். இருவரிடமும் மக்கள் கண்டது ஒன்றுதான்: ஏன் என்று காரணம் சொல்கிறார்கள், நேற்றுச் சொன்னது மாறினால் மாறிவிட்டது என்றும் சொல்கிறார்கள். கிராமத்தில் அந்த இடம் பால் சொசைட்டிக்காரருக்கு இருக்கலாம், அங்கன்வாடி ஆசிரியைக்கு இருக்கலாம், சுயஉதவிக் குழுத் தலைவிக்கு இருக்கலாம். அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டுத்தான் ஆட்டோவை அனுப்ப வேண்டும். ஆட்டோ போன பிறகு ஊர் அவர்களிடம்தான் வந்து கேட்கும்: 'நெசமாவா?'

முன்பு இந்த அறிவிப்பைத் தண்டோரா போட்டுச் செய்தோம். ஒரு சமூகத்தார் தலையில் மட்டும் கட்டப்பட்டிருந்த வேலை அது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு தண்டோராவை நிறுத்தச் சொல்லி ஆட்சியர்களுக்கு எழுதினார். வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாம் என்றார். மனதார வரவேற்றவன் நான். ஆனால் ஆட்டோ தார் ரோட்டோடு திரும்பிவிடும். ஆற்றை ஒட்டிய கடைசி வரிசை வீடுகளுக்கு நடந்துதான் போக வேண்டும். கதவைத் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட இரண்டு பேர் வேண்டும். கைப்பேசி எச்சரிக்கையும் அப்படித்தான். 2023இல் சோதனைக்காகப் பல போன்களில் ஒரே நேரத்தில் அபாய ஒலி எழுப்பினார்கள், நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டன் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கும் மூதாட்டியை அதிகாலை மூன்று மணிக்கு எழுப்புவது கதவுத் தட்டல்தான்.

அப்படித் தட்டிய ஒரு வீட்டை மறக்க முடியாது. படுகையை ஒட்டிய கூரை வீடு. கணவனை இழந்த பெண், இரண்டு கறவை மாடு, ஒரு கன்று. மூன்றாவது தடவையாகப் போய் நிற்கிறேன். வாசலில் பிளாஸ்டிக் பை ஒன்றில் ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பட்டா எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. அறிவிப்பை அவர் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? 'நான் வந்துடுவேன் சார். இதுங்கள எங்க கட்டுறது? கேம்ப்புல மாடு கட்ட வுட மாட்டேன்னுட்டாங்களே' என்றார். ஒரு மாட்டின் விலை அவருடைய ஒரு வருட வருமானத்துக்கு மேல்; அது கடனில் வாங்கிய மாடு. கிராம உதவியாளர் அண்ணன் சிறிதும் யோசிக்காமல், மேட்டில் இருந்த களத்து உரிமையாளரிடம் போய்ப் பேசி, அங்கே மாடு கட்ட இடம் வாங்கிக்கொண்டு வந்தார். பத்து நிமிடத்தில் அந்த அம்மா கிளம்பிவிட்டார். அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்ததும் அந்த வரிசையே பின்னால் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஊரிலும் முகாம் பட்டியலுக்குப் பக்கத்திலேயே மாடு கட்டும் மேட்டின் பட்டியலையும் எழுதி வைத்தோம். வைக்கோல் யார் தருவார் என்றும் எழுதினோம்.

முகாம் என்றால் கூரையும் சாப்பாடும் மட்டும் அல்ல. ஆற்றை ஒட்டிப் பள்ளத்தில் இருப்பது பெரும்பாலும் காலனிதான். திறந்துவிடும் மண்டபம் ஊர்த்தெருவில் இருக்கும். உள்ளே வந்தால் முகம் சுளிப்பார்களோ என்று நினைப்பவர் இடுப்பளவு தண்ணீர் வரும்வரை வீட்டிலேயே இருப்பார். இதை அதிகாரிகள் வாய்விட்டுப் பேசத் தயங்குகிறார்கள். நான் பேசச் சொல்கிறேன். பள்ளிக்கூடம் போல யாருக்கும் பாத்தியதை இல்லாத பொதுக்கட்டடத்தை முதலில் திறக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் விளக்கும் இருக்கிறது என்பதை அறிவிப்பிலேயே சொல்ல வேண்டும். சென்ற வருடம் அங்கே எப்படி நடத்தப்பட்டோம் என்ற ஞாபகம்தான் இந்த வருட எச்சரிக்கைக்குக் கிடைக்கும் பதில்.

மழை இல்லாத மாதங்களிலும் இந்த வேலை இருக்கிறது. அது இன்னும் கடினம். பேரிடர் மேலாண்மைத் துறை தாழ்வான இடங்களைத் தண்ணீர் நிற்கும் ஆழத்தை வைத்து நான்காகப் பிரித்திருக்கிறது: 5 அடிக்கு மேல் நின்றால் மிக அதிக பாதிப்பு, 3 முதல் 5 அடி அதிகம், 2 முதல் 3 அடி மிதம், 2 அடிக்குக் கீழ் குறைவு. தெளிவான அளவு. ஆனால் பட்டியல் அலுவலகக் கோப்பில் இருந்தால் யாருக்குப் பயன்? ஒரு கோடையில், வெள்ளம் நின்ற உயரத்தைத் தெருச் சுவர்களில் நீலக்கோடாகப் போட்டோம். ஒரு வாரத்தில் பாதிக் கோடு சுண்ணாம்புக்குள் போய்விட்டது. 'மனைக்கு ஆள் வராது சார், பொண்ணு கல்யாணத்துக்கு வித்தாகணும்' என்றார் ஒருவர். அந்தத் தவிப்பைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அந்த மனையை வாங்கி வீடு கட்டுகிறவருடைய குழந்தைகளை நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. ஊர்க்கூட்டம் போட்டுப் பேசியதில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: கோடு தனியார் சுவரில் வேண்டாம், மேல்நிலைத் தொட்டியின் தூண், பள்ளிக்கூட மதில், பாலத்தின் தூண், ரேஷன் கடை ஆகியவற்றில் போடலாம். எந்த வீட்டையும் குறிக்காமல் ஊருக்கே அளவு கிடைத்தது. பாலத் தூணில் போட்ட அளவுகோலுக்குக் குச்சி நடும் ஆண்களே காவலானார்கள். அவர்கள் பார்த்துச் சொல்லும் எண் வாட்ஸ்அப்பில் கீழ்க்கரை ஊர்களுக்கும் போனது. மக்களின் முறைக்குள் அரசின் தகவல் நுழைந்த இடம் அது.

அணை இல்லாத இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 நவம்பர் 9ஆம் தேதி பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் ஓடை வெள்ளம் பாய்ந்து உயிர்களைக் கொண்டுபோனது. மதகு திறப்பு இல்லாததால் திறப்பு அறிவிப்பும் கிடையாது. மேட்டில் பெய்த மழையே வெள்ளமாக வந்தது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு மழைமானியும், மேலே உள்ள ஊரிலிருந்து ஒரு போன் அழைப்பும்தான் எச்சரிக்கை. அந்தப் போன் யாரிடமிருந்து யாருக்கு என்பதை ஐப்பசி பிறப்பதற்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டும்.

கடைசியாக, வராமல் போன வெள்ளம். 2012 ஏப்ரல் 11ஆம் தேதி இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுனாமி எச்சரிக்கை வந்தபோது, 2004ஐப் பார்த்த கடலூர்க் கரை பிள்ளைகுட்டிகளோடு ஓடியது. பெரிய அலை வரவில்லை. 'வராம போனதே நல்லது' என்றார்கள் மீனவர்கள். ஆற்றங்கரையில் அந்தப் பொறுமை குறைவு. இரண்டு முறை கிளம்பி இரண்டு முறையும் தண்ணீர் வரவில்லையென்றால் மூன்றாம் முறை கதவு திறக்காது. அதற்கு நான் கண்ட மருந்து ஒன்றே: அடுத்த நாள் காலையில் திரும்பப் போவது. மேலே மழை விட்டுவிட்டது, அதனால் திறப்பைக் குறைத்தார்கள், நீங்கள் கிளம்பியது சரிதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. எச்சரிக்கை சொல்ல வந்தவர் விளக்கம் சொல்லவும் வந்தார் என்றால் அவர் பேச்சு அடுத்த தடவையும் செல்லும். காணாமல் போய்விட்டால் செல்லாது.

இப்போது கரையோரக் கிராமங்களில் பொறுப்பேற்கும் இளம் வி.ஏ.ஓ.க்களுக்கும் தன்னார்வப் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊருக்கு ஒரு தாள் தயார் செய்யுங்கள். பாலத் தூணில் எந்தக் கோட்டைத் தொட்டால் எந்தத் தெரு கிளம்ப வேண்டும், சாத்தனூரில் விட்ட தண்ணீர் உங்கள் ஊருக்கு வர எத்தனை மணி நேரம், மாடு எங்கே, நடக்க முடியாதவரைத் தூக்க யார், கடைசி வரிசையில் கதவு தட்ட யார் என்று எழுதுங்கள். ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். அவர்கள் திருத்துவார்கள், திருத்தவிடுங்கள். அவர்கள் திருத்திய தாள்தான் அவர்களுடைய தாள். எத்தனை முறை எச்சரித்தோம் என்ற கணக்கை அலுவலகம் கேட்கும், கொடுங்கள். உங்களுக்கென்று வேறொரு கணக்கை வைத்துக்கொள்ளுங்கள்: செய்தி வந்து எத்தனை மணி நேரத்தில் கடைசி வீடு காலியானது? அந்த நேரத்தை ஒவ்வொரு மழைக்கும் குறைத்துக்கொண்டே வருவதுதான் நம் தொழில்.